இருபத்திரண்டாம் பெட்டி

ஜனவரி 21, திங்கள்

துளை போடும் மிஷினை மேட்டில் ஏற்ற ஆறு மணி நேரம் ஆனது. வேறு ஆளாக இருந்தால் இரண்டு நாள் ஆக்கியிருப்பான், ஒரு டயரையும் கிழித்திருப்பான். இதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

இடத்தின் பெயர் செம்பறைக் குன்று. சங்கராபுரத்திலிருந்து முக்கால் மணி நேரம். குன்று என்பது மரியாதைக்குச் சொல்வது; சீமைக்கருவேலம் மண்டிய ஒரு பாறை மேடு, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே செம்பு தோண்டியிருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போய் எழுபது எண்பது வருடம் ஆகிறதாம். பழைய குழிகளைச் சுற்றிப் பாறையில் மயில்துத்த நிறத்தில் கறை வழிந்திருக்கிறது. அங்கே தேங்கும் தண்ணீரை ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் என்று ஊரில் சொன்னார்கள்.

சென்னைக் கம்பெனி ஒன்று மேட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. கீழே செம்பு மிச்சம் இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் ஜெஸிந்தா மேடம், நாகர்கோவில்காரர், பாறைப் படிப்பு படித்தவர். பாறையை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். அர்த்தநாரி, திருச்செங்கோடு. பதினேழு வயதில் தண்ணீர் போர் வண்டியில் ஏறினேன். கடந்த இருபத்தாறு வருடமாகக் கோர் மிஷின். தண்ணீர் போரில் பாறையைத் தூளாக்கித் தள்ளிவிடலாம். கோர் அப்படியல்ல. உருட்டுக்கட்டைபோல முழுசாக வெட்டி எடுக்க வேண்டும். நூறு மீட்டர் இறக்கினால் நூறு மீட்டர் கல் பெட்டியில் வந்து படுக்க வேண்டும். என் கையில் அது தொண்ணூற்றெட்டுக்குக் கீழே போனதில்லை. 'கோர் விடாத அர்த்தநாரி' என்று ராஜஸ்தான் வரைக்கும் பேர். நான் வைத்துக்கொண்ட பேர் இல்லை, மற்றவர்கள் வைத்தது.

ஜனவரி 22, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. சும்மா உட்காரப் பிடிக்காமல் பம்பைப் பிரித்துப் பூட்டினேன்.

ஜனவரி 24, வியாழன்

கருவேலம் வெட்டிப் பாதை எடுத்து, பெரிய குழிக்குள் மேடத்தோடு இறங்கினேன். கயிறு கட்டியது நான்தான். பதினெட்டு மீட்டர் ஆழம். கீழே வௌவால் நாற்றம், முழங்கால் அளவுத் தண்ணீர். சுவரில் உளித்தடம் நேற்றுக் கொத்தியதுபோல் இருக்கிறது. ஓரிடத்தில் பாறைக்குள் பித்தளை நிறத்தில் ஒரு பட்டை ஓடியது, விரல் தடிமன். மேடம் அதன்மேல் விளக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"செம்பு தீந்துபோச்சுன்னு அவங்க போகல்ல அண்ணே. தண்ணி இறைக்க முடியாமப் போயிட்டாங்க. இந்தப் பட்டை மேக்க சரிஞ்சு கீழ போகுது. போகப்போகத் தடிக்கும். அஞ்சு வருசமா சொல்லிட்டு வாறேன், ஒருத்தரும் காது குடுக்கல்ல."

"எடத்த நீங்க காட்டுங்க மேடம். மிச்சத்த நான் பாத்துக்கறனுங்க."

கம்பெனி கொடுத்திருப்பது மூன்று துளை. ஒன்றைவிட ஒன்று மேற்கே, ஒன்றைவிட ஒன்று ஆழம். மூன்றாவதில் பட்டை தடித்து வந்தால் சுரங்கம் திறக்கும் பேச்சு. வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் முப்பது பேர் இப்போதே வேலைக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள். மேடத்துக்கு இது ஐந்து வருடத்து உழைப்பு. பெரிய பொறுப்பு. பெரிய பொறுப்பு என்றால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஜனவரி 28, திங்கள்

மிஷினைச் சரிபார்க்க ஓரமாக ஐந்து மீட்டர் போட்டுப் பார்த்தேன். அந்தக் கல்லைப் பெட்டி அடுக்கும் கொட்டகைக்குப் பின்னால் கொட்டியாயிற்று. அஞ்சலை அதில்தான் கோடு போட்டுப் பழகுகிறாள்.

அஞ்சலை இந்த ஊர்க்காரி, நாற்பது வயதிருக்கும். கோர் வெளியே வந்ததும் கழுவி, உடைந்த துண்டுகளை வாய்க்கு வாய் பொருத்தி, பெட்டியில் வரிசையாக அடுக்கி, மேலே சிவப்புச் சாயத்தில் நீளக் கோடு இழுப்பது அவள் வேலை. ஒரு பெட்டிக்கு நான்கு மீட்டர். இரண்டு துண்டின் உடைசல் ஒன்றோடொன்று ஒட்டாவிட்டால் விடமாட்டாள். திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நல்ல கை. என் அளவுக்கு இல்லை என்றாலும் நல்ல கை.

மிஷினில் எனக்கு உதவி சுக்ராம். ஜார்க்கண்ட்காரன், பன்னிரண்டு வருடமாக என்னோடு இருக்கிறான். பேச்சு குறைவு.

பிப்ரவரி 2, சனி

முதல் துளை முடிந்தது. ஐம்பத்திரண்டாவது மீட்டரில் பித்தளை நிறம், நான்கு விரல் கனம். மேடம் அந்தத் துண்டைத் தண்ணீரில் நனைத்து வெயிலில் பிடித்துக் காட்டினார். கோர் நூற்றுக்கு நூறு. அஞ்சலை எல்லோருக்கும் கேழ்வரகு அடை சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் நான்கு தின்றேன்.

பிப்ரவரி 9, சனி

இரண்டாவது துளை. அறுபத்தேழாவது மீட்டரில் பட்டை ஒரு முழம். ஒரு முழம். மேடம் சொன்னதுபோலவே தடித்துக்கொண்டு போகிறது. கோர் தொண்ணூற்றொன்பதரை. அந்த அரைக்குக் காரணம் பாறையை வெட்டும் பிட் பழசு, நான் இல்லை.

டைரக்டர் தேசிகன் சென்னையிலிருந்து என்னோடு நேரடியாகப் பேசினார். "உங்க வேகத்துக்கு மூணாவது எப்ப முடியும்?" என்றார். "பதினெட்டாம் தேதி பெட்டியெல்லாம் மேடம் கையில இருக்குமுங்க" என்றேன். மேடம் பக்கத்தில் நின்று, "அவசரம் ஒண்ணும் இல்ல அண்ணே" என்றார். அவசரம் என்று யார் சொன்னது? இது என் வேகம்.

பிப்ரவரி 13, புதன்

ரசம் வைத்தேன். சுக்ராம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தான்.

பிப்ரவரி 15, வெள்ளி

மூன்றாவது துளை. 84 முதல் 87 வரை முடிந்தது. இருபத்திரண்டாம் பெட்டி. நூற்றுக்கு நூறு.

அஞ்சலை ரேஷன் கடைக்குப் போயிருந்ததால் பெட்டியை நானே அடுக்கினேன். எனக்கும் அடுக்கத் தெரியும்.

நடுவில் சுக்ராம், "உஸ்தாத், தண்ணி கறுப்பு வருது. நிறுத்து" என்றான். பன்னிரண்டு வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன் எனக்குச் சொல்கிறான். வாயை மூடு என்றேன்.

முதுகு வலி. சீக்கிரம் படுக்கிறேன்.

பிப்ரவரி 16, சனி

அஞ்சலை காலையிலேயே இருபத்திரண்டாம் பெட்டியின் முன் குந்தியிருந்தாள்.

"அண்ணா, இந்த ரெண்டு துண்டும் ஒட்டல."

"பாற உள்ளயே ஒடஞ்சிருக்கும். போயி மத்தது பாரு."

"உள்ள ஒடஞ்சாலும் வாய் ஒட்டணும் இல்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபது நாள் கல்லைக் கழுவிவிட்டு எனக்குப் பாறை சொல்லித்தருகிறாயா என்று கேட்டுவிட்டேன். அவள் கோடு போட ஆரம்பித்தாள்.

இன்று இருபத்துநான்கு மீட்டர் இறக்கினேன். யாரும் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 18, திங்கள்

சொன்ன தேதிக்கு முடித்தேன். நூற்றிருபது மீட்டர்.

மேடம் காலை முதல் மாலை வரை பெட்டி பெட்டியாகப் பார்த்தார். மதியம் சாப்பிடவில்லை. கடைசியில் லென்ஸைப் பையில் போட்டார்.

"ஒண்ணும் இல்ல அண்ணே. எண்பத்தஞ்சு கிட்ட வந்திருக்கணும். வெறும் பாறை. பட்டை இடையிலேயே செத்துட்டு."

"கீழ எங்காச்சும் எறங்கியிருக்குமுங்களா?"

"என் கணக்குதான் தப்பு. கல்லு இங்க கெடக்குதே, அது பொய்யா சொல்லும்?"

கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ இடத்தில் ஒன்றும் கிடைக்காமல் வண்டியைத் திருப்பியிருக்கிறேன். கிடைக்காவிட்டால் அது துளை போட்டவன் குற்றமல்ல.

பிப்ரவரி 19, செவ்வாய்

டைரக்டர் வெள்ளிக்கிழமை வருகிறார். கணக்கை முடித்து இடத்தை மூடப்போகிறார்கள்.

ராடுகளுக்கு கிரீஸ் போட்டேன். மிஷினைத் துடைத்தேன். துளையிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் வண்டலை விட்டுப் போகும் குழி ஒன்று உண்டு. அதை மூடச் சொன்னேன். சுக்ராம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றான். மூடவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

பிப்ரவரி 20, புதன்

அஞ்சலை ஒரு துணிப் பையோடு வந்தாள். உள்ளே மூன்று கல் துண்டு.

"இது அந்தப் பெட்டியில இருந்தது. முந்தாநாள் மேடம் பாத்து முடிச்சப்பறம் எடுத்தன். கொட்டாய் பின்னால கொட்டி வச்ச கல்லு, நான் கோடு போட்டுப் பழகனது. நீங்க தேச்சுக் கழுவியிருக்கீங்க. ஓரத்துல செவப்பு நின்னுபோச்சு."

ஒரு துண்டை எடுத்து ஓரத்தைப் பார்த்தேன்.

"மேடம் கிட்ட நான் சொல்ல மாட்டன். எங்க வூட்டுக்காரரு பேரும் அந்த முப்பது பேருல இருக்குது. ஆனாலும் நான் சொல்ல மாட்டன். நீங்க சொல்லணும்."

பையை மிஷின் படியில் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை.

பிப்ரவரி 21, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

பதினைந்தாம் தேதி 84-க்குக் கீழே போனபோது தண்ணீர் கறுத்தது. கண்மையைக் கரைத்த மாதிரி, நடுவே மினுமினுப்பு. கோர் எடுப்பவன் அங்கே நிறுத்த வேண்டும். கீழே இருப்பது பொடியும் கல் என்று அர்த்தம். தண்ணீரைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, அரை அரை மீட்டராக எடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் கை தண்ணீர் போரில் பழகிய கை. அங்கே வெளியே வரும் தூளின் நிறம் மாறினால் வெடிப்பு தட்டிவிட்டது, தண்ணீர் கிட்டத்தில் இருக்கிறது என்று பொருள். எங்கள் ஊர்க்காரன் எவனும் அப்போது லிவரை அமுக்கத்தான் செய்வான். ஒன்பது வருடம் அமுக்கிய கை. பதினெட்டாம் தேதி என்று வாக்கு வேறு கொடுத்திருந்தேன். சுக்ராம் நிறுத்தச் சொன்னான். நான் அமுக்கினேன்.

மூன்று மீட்டர் வர வேண்டிய குழாயில் ஒரு மீட்டர் நாற்பது வந்தது. மிச்சத்தை நானே அரைத்துத் தண்ணீரில் விட்டுவிட்டேன். 'ஒரு மீட்டர் அறுபது வரவில்லை' என்று ஒரு மரக்கட்டையில் எழுதிப் பெட்டியில் அந்த இடத்தில் வைத்திருந்தால் மேடம் பத்து வார்த்தை திட்டியிருப்பார், அதோடு போயிருக்கும். என்னால் எழுத முடியவில்லை. கோர் விடாத அர்த்தநாரி. கொட்டகைக்குப் பின்னால் போய் அதே நிறக் கல்லைப் பொறுக்கி வந்து அடைத்தேன்.

அதுதான் பட்டை. வேறெதுவும் இல்லை. மேடம் ஐந்து வருடம் தேடியதை நான் அரைத்துக் குழியில் கொட்டிவிட்டு, அவரைத் தன் கணக்கே தப்பு என்று நம்பவைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இந்த டைரியிலேயே ஆறு நாள் பொய் எழுதியிருக்கிறேன், யாரும் படிக்காத டைரியில்.

பிப்ரவரி 22, வெள்ளி

டைரக்டர் பத்து மணிக்கு வந்தார். கொட்டகையில் எல்லோரும் இருந்தார்கள். மேடம் தாளை விரித்துப் பேச ஆரம்பிக்கும்முன் நான் துணிப் பையை மேஜையில் வைத்தேன்.

"மேடம், இருவத்திரண்டாம் பெட்டியில பாதி கல்லு அந்தத் தொளையோடது இல்லீங்க. நான் வச்சது."

முழுதும் சொன்னேன். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"என்னத்துக்கு அண்ணே?"

"பேரு போயிருமுன்னு."

"உங்க பேரு. என் பேரு போனா பரவாயில்ல, அப்படித்தானே?"

அவர் எழுந்து நேராக வண்டல் குழிக்குப் போனார். சுக்ராம் மண்வெட்டியால் மேல் சேற்றை விலக்கினான். அடியில் கறுப்பு வண்டல். மேடம் ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டு அலசினார். அடியில் பித்தளைத் துகள், தட்டின் வளைவு முழுக்க. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

டைரக்டர் கணக்குப் பார்க்கிற மனிதர். "பொடியை வச்சு எவ்வளவு கனம்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார். முடியாது, கோர் வேண்டும் என்றார் மேடம். பக்கத்திலேயே இன்னொரு துளை போட எட்டு நாள் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், "இந்த ஆள் லிவரைத் தொடக்கூடாது" என்றார்.

வேறு ஓட்டுநர் வர மூன்று வாரம் ஆகும். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சுக்ராம் ஓட்டுவானுங்க" என்றேன். "அன்னைக்கு நிறுத்தச் சொன்னது அவன்தான்."

பிப்ரவரி 23, சனி

மேடம் காலையில் வந்து, "ரிப்போர்ட்ல உள்ளத உள்ளபடிதான் எழுதுவேன்" என்றார். "எழுதுங்க மேடம்" என்றேன். அந்த ரிப்போர்ட் நாலு கம்பெனிக்குப் போகும். ராஜஸ்தானுக்கும் போகும்.

பம்பு என் பொறுப்பு. இருபத்தாறு வருடம் கழித்து மறுபடியும் பம்பு. ஒழுகும் வால்வை வைத்துக்கொண்டே யாருக்கும் தெரியாமல் இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறான் சுக்ராம். மாற்றினேன்.

பிப்ரவரி 26, செவ்வாய்

முப்பத்தொன்பது மீட்டர். சுக்ராம் மெதுவாகப் போகிறான். எனக்கு உள்ளங்கை அரிக்கிறது. ராடைப் பூட்டும்போது திருகு மறையைத் துணியால் இரண்டு தடவை துடைக்கிறான். நான் ஒரு தடவைதான் துடைப்பேன். அவன் செய்வதுதான் சரி. சொல்லவில்லை.

பிப்ரவரி 28, வியாழன்

எழுபத்தாறு. அஞ்சலை எனக்கும் சோறு கொண்டுவந்தாள். சுண்டைக்காய்க் குழம்பு.

மார்ச் 1, வெள்ளி

காலை பத்தரைக்கு 83. மேடம், அஞ்சலை, ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர். சுக்ராம் லிவரைப் பிடித்திருந்தான். நான் திரும்பி வரும் தண்ணீர் விழும் இடத்தில் குந்தியிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறுவது தெரியாது. கையில் ஏந்திப் பார்க்க வேண்டும்.

84-ஐத் தாண்டியதும் கையில் ஒரு நூல்போலக் கறுப்பு. அவ்வளவுதான்.

"நிறுத்து" என்றேன்.

சுக்ராம் நான் சொல்லி முடிக்கும்முன் நிறுத்தியிருந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறோம், அவன் மிஷின் சத்தத்தில், நான் கையில். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். அவன் வேகத்தைக் குறைத்தான். அரை மீட்டர் கூட இல்லை, முப்பது முப்பது சென்டிமீட்டராக இறக்கினான். ஒவ்வொரு தடவையும் குழாயை மேலே இழுத்து, படுக்கவைத்து, ரப்பர் சுத்தியலால் தட்ட, கோர் நழுவி வந்தது. முதல் முப்பதில் வெறும் பாறை. இரண்டாவதில் பாதி பித்தளை. மூன்றாவதில் முழுக்க.

மாலை நான்கு மணி வரை ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. பட்டை ஒரு மீட்டர் முப்பத்தைந்து. அஞ்சலை வாய்க்கு வாய் பொருத்திக்கொண்டே வந்தாள். எல்லாம் ஒட்டியது. பொடிந்த இடத்தில்கூட பொடியை அள்ளி அதன் இடத்தில் வைத்தாள். மேடம் டேப்பை இரண்டு தடவை பிடித்தார். போனில் டைரக்டரிடம் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு, அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினார். அடுத்து ஐந்து துளை. ஊர்க்காரர்கள் அஞ்சலையைச் சூழ்ந்துகொண்டார்கள், அவள்தான் செம்பைக் கண்டுபிடித்தவள் என்பதுபோல. அதுவும் ஒரு வகையில் சரிதான்.

சுக்ராம் லிவரை விட்டு இறங்கவில்லை. போய்த் தோளில் தட்டினேன். என் வாழ்நாளில் எத்தனையோ கோர் எடுத்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக எடுத்ததில்லை. எடுத்தது அவன், எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், ரொம்பப் பெருமையாக இருந்தது.

மார்ச் 2, சனி

மேடம் புதுத் துளைக்கான தாளை என்னிடம் நீட்டி, "நீங்களே நிரப்புங்க அண்ணே, உங்க எழுத்து நல்லா இருக்கும்" என்றார். அவர் இன்னும் என்னோடு பழையபடி பேசவில்லை. அண்ணே என்று மட்டும் கூப்பிடுகிறார். அது போதும்.

'மிஷின் ஓட்டியவர்' என்ற இடத்தில் எழுத, சுக்ராமிடம் முழுப்பெயர் கேட்டேன். சுக்ராம் உராவ்ன் என்றான். பன்னிரண்டு வருடத்தில் நான் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. சரியாக எழுத வேண்டும் என்று இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினேன். அதற்குக் கீழே, 'உதவியாளர்' என்ற இடத்தில், அர்த்தநாரி, திருச்செங்கோடு என்று எழுதினேன்.

எழுதிவிட்டுத் தாளைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பெயரும் நன்றாக இருந்தன.